ஐஸ் பெட்டிக்குள் எட்டாவது பாட்டு

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஐசக்கின் செல்போன் எண் இருக்கும். ‘சவப் பெட்டி குளிர்சாதன வசதியுடன், 24 மணி நேரமும்’ என்று நீல எழுத்தில் அவன் அப்பா எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சாவு ஞாயிற்றுக்கிழமை பார்க்காது. ஆகவே ஐசக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆறு வருஷமாக அவன் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. தன் கல்யாணத்திலேயே மோதிரம் மாற்றுவதற்கும் கேக் வெட்டுவதற்கும் நடுவில் மாகறலில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டு வந்தான் என்பார்கள். பெண் வீட்டார் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

அப்படிக் கட்டிப்போட்ட ஆளிடமிருந்துதான் அந்தக் குரல் வந்தது. ராப்பாக வார்த்தையைக் கொட்டும், பங்க் ராக்கின் வேகத்தில் ஓடும், முடிகிற இடத்தில் மெட்டலாக உறுமும். அவன் உறுமினால் ஏரியில் நீர்க்கோழி முட்டையிடுவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடும். கிட்டாருக்கு வசந்தகுமார், ட்ரம்ஸுக்கு அம்முலு, குரலுக்கு ஐசக் என்று மூன்று பேர் சேர்ந்து, ‘கலங்கல்’ என்று பேர் வைத்து, முதல் ஆல்பத்தை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். எட்டுப் பாட்டில் ஏழு ஆயிற்று. எட்டாவதற்கு ஐசக்கின் குரல் மட்டும் பாக்கி. மைக்கும் லேப்டாப்பும் வசந்தகுமாருடையவை. அவனோ அன்று நாலு மணி பஸ்ஸில் புனே வேலைக்குக் கிளம்புகிறான். அதற்குள் பாடாவிட்டால் ஆல்பம் அந்தரத்தில்தான்.

பாடுகிற இடம் ஐஸ் பெட்டி. ஐசக்கின் ஷெட் மெயின் ரோட்டில் இருந்தது. எம்-சாண்ட் லாரிகள் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை. சத்தம் நுழையாத ஒரே இடம் அந்தக் கண்ணாடி மூடிக்குக் கீழேதான். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஐசக் மல்லாந்து படுத்து, மைக்கை நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வான். மூடியைச் சாத்துவார்கள். ஒரு பாட்டுக்கு மூச்சு தாங்கும்.

அன்று மூன்று மணிக்கு, ஐசக் உள்ளே இருக்கும்போது அவன் போன் அடித்தது. அம்முலு எடுத்தாள்.

“ஐஸ் பொட்டிங்களா? ரெண்டும் வெளியில கீதுங்க” என்று துணிந்து ஒரு பொய் சொன்னாள். வெளியே போயிருந்தது ஒன்றுதான்.

சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் பைக் நின்றது. காதில் போனோடு இறங்கியவர் பெருநகர் முனிரத்தினம், பத்து ஏக்கர் நெல் வைத்திருக்கிறவர். மாலை வாங்கக் கடைவீதிக்கு வந்த ஆள்.

“வெளியில கீதா? அப்ப இது இன்னாம்மா, மீன் தொட்டியா?”

கிட்டே வந்து குனிந்தவர், பதறிப் பின்வாங்கினார். உள்ளே ஒருவன் கழுத்து நரம்பு புடைக்க வாயைப் பிளந்துகொண்டிருந்தான். சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. ஐசக் கண்ணைத் திறந்தான். முகத்துக்கு நேர் மேலே முனிரத்தினத்தின் முகம். புரளக்கூட இடமில்லை. வசந்தகுமார் ஓடிவந்து மூடியைத் தூக்கினான்.

“எங்க நைனா பூட்டாரு ஐசக்கு. வெயிலு கொளுத்துது. சீக்கிரம் வண்டில ஏத்து.”

ஐசக் எழுந்து உட்கார்ந்தான். ஆறு வருஷமாகப் போனை எடுத்ததும் சொல்கிற ‘தோ வரேங்க’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வசந்தகுமார் யார் முகத்தையும் பார்க்காமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

“பத்து நிமிஷம்ண்ணா” என்றான் ஐசக்.

“இன்னாது?”

“ஒரே ஒரு பாட்டு. அப்பறம் பொட்டி உங்களுது.”

“டேய், அங்க பொணத்தப் போட்டுக்கினு ஊரே காத்துக்கினு கீது. உனுக்குப் பாட்டு கேக்குதா?” முனிரத்தினம் கையை ஓங்கிவிட்டார்.

ஐசக் மறுபடி படுத்தான். கையை நீட்டி, மூடியைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டான்.

பாட்டு முழுக்க அந்த ‘தோ வரேங்க’தான். முதலில் பணிவாக, பிறகு மூச்சுவிடாமல், கடைசியில் கண்ணாடி அதிர. இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை. மேலே கோபத்தில் துடித்த அந்த முகத்தைப் பார்த்தே கத்தினான்.

மூடி திறந்தபோது முனிரத்தினம் திட்டவில்லை. “அந்தப் பக்கம் புடி” என்றார், அவ்வளவுதான்.

பெருநகரில் பெட்டியை இறக்கிப் பார்த்தால், கண்ணாடியின் உள்பக்கம் ஐசக்கின் மூச்சு ஆவியாகப் படிந்திருந்தது. ஊர் பார்க்க, துண்டால் துடைத்தான். பெரியவரைப் படுக்கவைத்தார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பஸ்ஸிலிருந்தே பாட்டைச் சேர்த்து அனுப்பியிருந்தான் வசந்தகுமார்: ‘எட்டும் ரெடி மச்சான்.’

சாவு வீட்டில் பாட்டா கேட்க முடியும்? எழுந்து போகவும் வழியில்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் முனிரத்தினம் ஒரு டம்ளர் டீயோடு வந்தார்.

“நீ கத்தினியே, அது வந்திச்சா?”

“வந்துட்சிண்ணா.”

“கேட்டியா?”

“இங்க எப்டிண்ணா?”

“அதுவும் சரிதான். நைனாவ எடுத்தப்பறம் கேளு.”

“எப்பண்ணா எடுக்கறீங்க?”

“தங்கச்சி சூரத்ல கீது. அவ வந்து மூஞ்சி பாக்கணும். ரயிலு நாளன்னிக்கித்தான் வந்து சேருதாம்” என்று டீயை நீட்டினார் முனிரத்தினம்.