நெஞ்சழுத்தக்காரி

தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். குன்னூர் பக்கத்து ஜெகதளாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் வைத்த சிறு தோட்டம் இருந்தது. பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்கே போதவில்லை. வீட்டை ஒட்டிய வரிசைகளையாவது எடுத்துவிட்டுக் காய்கறி போடலாம் என்று பலமுறை கேட்டேன். "பாக்கலாம்மா" என்பார் மாமனார். பார்க்கவே மாட்டார்.

ஒரு கல்யாணத்துக்காக வீட்டில் எல்லோரும் கோயம்புத்தூர் போனார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆள் வைத்து, கடப்பாரை போட்டு, மூன்று வரிசைச் செடிகளைப் பெயர்த்தேன். கேரட் விதைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று, மனசோ துள்ளியது.

ஊரிலிருந்து வந்த மாமனார் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏம்மா, இது ஆரு பண்ணுனது?"

"நான்தானுங்க மாமா."

"கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்குதா உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க மாமா."

"என்ன நெஞ்சழுத்தம் பாரு!" என்று பையோடு உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தச் சொல் என்னை விடவில்லை. தப்புச் செய்தும் முகம் வாடாதவர்களை அப்படிச் சொல்வோம். ஆனால் நெஞ்சை எதுவோ அழுத்தினால் அது வருத்தம் அல்லவா? வருத்தமே இல்லாதவளுக்கு எப்படிப் பொருந்தும்? என் கணவரிடம் கேட்டேன்.

"டப்பா மூடியை அழுத்தி வெச்சா எதுவும் உள்ள போகாதல்ல? அந்த அழுத்தம்" என்றார். "உனக்குச் சரியாத்தான் இருக்குது."

கேரட் நன்றாகவே வந்தது. காட்டுப்பன்றி ஒரு மூலையைக் கிளறியதும் மாமனாரே முள்வேலி கட்டினார். முதல் கேரட்டை வேட்டியில் மண் துடைத்துத் தின்றார். இன்னொன்று பிடுங்கினார்.

அறுவடைக்குப் பிறகு ஒருநாள் குன்னூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் பேசுவது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

"எங்க மருமக இருக்கறாளே, பயங்கர நெஞ்சழுத்தக்காரிங்க. என்னையே கேக்காம தேயிலையப் புடுங்கிட்டா!"

பட்டம் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது குரல். சொல் அதேதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வரிசைகளை அவரே ஆள் வைத்து எடுத்தார். பீன்ஸா பீட்ரூட்டா என்று எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. அத்தை பீட்ரூட் பக்கம் சாய்ந்துவிட்டதால் நான் தோற்றேன்.