இன் மண்டே, ஆன் மண்டே

பாபநாசம் பஸ் சேரன்மகாதேவியில் நிற்கிறது. என் பக்கத்து சீட்டில் பாளையங்கோட்டை நர்ஸ் ஒருத்தி, பெங்களூர் ஆஸ்பத்திரியின் போனுக்காகக் காத்திருக்கிறாள். ஆங்கிலத்தில்தான் நேர்காணல். போன தடவை "இன் மண்டே வருவேன்" என்று உளறி, வெட்கத்தில் பேச்சே நின்றுபோனதாம்.

"மணிக்கு அட், கிழமைக்கு ஆன், மாசத்துக்கு இன். சரிதானேக்கா?"

"சரிதான். ராத்திரிக்கு?"

"அட் நைட். காலைக்குன்னா இன் த மார்னிங். ஏன்னு கேக்காதிய, மனப்பாடம் பண்ணிட்டேன்."

போன் அடிக்கிறது. எப்போது சேர முடியும் என்று கேட்கிறார்கள்.

"இன் மண்டே..." மறுபடியும் வாய் குழறிவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்கிறாள்.

"சாரி சார். ஆன் மண்டே. அட் எய்ட், இன் த மார்னிங்."

பேசி முடித்துப் போனைப் பைக்குள் வைக்கிறாள்.

"வேலை கிடைக்குமான்னு தெரியலக்கா. ஆனா பாதியில நிறுத்தல."