எழுத்தாளருக்குப் பக்கத்துக் கல்

மசுயோவின் வீட்டுக்காரர் தோகுஜி ஆயுசு பூரா டவுன் பஸ் ஓட்டியவர். கதைப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு அந்த ஜப்பானிய ஊரின் புத்தர் கோவில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது ஒரு எழுத்தாளருக்குப் பக்கத்தில்!

எழுத்தாளர் செத்து எழுபது வருஷத்துக்கு மேலாகியும் கூட்டம் குறைந்தபாடில்லை. துருக்கியிலிருந்து, பிரேசிலிலிருந்தெல்லாம் வந்து கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுதுவிட்டுப் போனால் பரவாயில்லை, தின்பண்டத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். படைத்ததைக் கையோடு எடுத்துப் போகணும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? காக்காய் வந்து குதறிவிட்டு, தோகுஜி தலையில் எச்சமிடும். மசுயோ திட்டிக்கொண்டே இரண்டு கல்லையும் கழுவுவாள்.

இந்த இலையுதிர்கால நீத்தார் வாரத்தோடு அதுவும் முடிந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது, பிள்ளைகுட்டி இல்லை. நாளைக்கு வடக்கே தூரத்து ஊரில், தம்பி மகள் பார்த்துவைத்த முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். ஆள் வராத கல்லில் கோவில்காரர்கள் 'உரியவர் வரவும்' என்று அறிவிப்புப் பலகை கட்டுவார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள்.

இனிப்புப் பயற்று விழுது பூசிய சோற்று உருண்டையைப் படைத்துவிட்டு நின்றாள். போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஒரு கதை எழுதத் துப்பில்லாம பஸ்ஸை ஓட்டிட்டுப் போய்ச் சேந்துட்டீங்களே! இனிமே யாரு வருவா உங்களப் பாக்க?"

அப்போது போலந்துப் பெண்ணொருத்தி கை நிறையச் சாமந்தியோடு வந்தாள். ஜப்பானியம் பேசினாள், கல்லில் இருந்ததைத்தான் படிக்கத் தெரியவில்லை.

"அம்மா, எழுத்தாளரோட கல்லறை எதுங்க?"

எத்தனையோ பேருக்குச் சரியாக வழிகாட்டிய கை. அன்றைக்கு என்ன பேய் பிடித்ததோ, தோகுஜி பக்கம் நீண்டுவிட்டது.

அந்தப் பெண் மண்டியிட்டுக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தாள். "யாருமே இல்லாம கிடந்தப்ப நீங்கதான் எனக்குத் துணையா இருந்தீங்க" என்று தேம்பினாள். மசுயோவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, இவ்வளவு தூரம் வந்து ஏமாறுகிறதே என்று அப்புறம் மனசு கேட்கவில்லை.

"எந்திரி தாயி. அவரு அந்தக் கல்லு. இது என் வீட்டுக்காரரு, பஸ் டிரைவரு. பொய் சொல்லிட்டேன். பூவை எடுத்துக்க."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூவைத் தொடவில்லை. "வச்சது இருக்கட்டும். இவர் பேர் என்னங்க?"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து மசுயோவுக்கு அவர் 'ஏங்க'தான். "தோகுஜி" என்றாள், வெட்கத்தோடு.

போலந்துக்காரி எழுத்தாளரின் கல்லுக்குப் போய் வெறுங்கையோடு கும்பிட்டாள். திரும்பி வந்து இங்கேயும் குனிந்தாள்.

"தோகுஜி ஐயா, போயிட்டு வர்றேன்."

அவள் படியிறங்கி மறைந்ததும் மசுயோ உட்கார்ந்து அழுதாள். "கேட்டீங்களா? வர்றேன்னு சொல்லிட்டுப் போகுது."

தானும் அதையே சொன்னாள், பொய்யென்று தெரிந்தே. உருண்டையை எடுத்துப் பையில் வைக்கப் போனவள், அதைத் திரும்பக் கல்லின் மேலேயே வைத்தாள். காக்காயாவது வரட்டும்.