ஒரு பல் தள்ளி

இரண்டு தெருவுக்கு அப்பால் வரும் காரின் சத்தத்தைக் கேட்டே, ஓட்டுகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறாரா என்று சொல்லிவிடுவான் என் தம்பி. சரி, கொஞ்சம் அளந்துவிட்டேன். பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றபின் எந்தப் பிளக் வேலை செய்யவில்லை என்று சொல்லுவான். அது நிஜம்.

அவனுடைய சொந்தக் கார்தான் சீந்துவாரில்லாமல் கிடந்தது. வாடிக்கையாளர் வண்டிகள் இரண்டுக்கு நடுவே, அவசர அவசரமாக அதற்கு டைமிங் பெல்ட் மாற்றினான். அன்றிலிருந்து அது அறுபதில் குதிரை, முதல் கியரில் எருமை. பிளக்கை மாற்றினான், ஃபில்டரைத் துடைத்தான். எருமை அசையவில்லை.

அவன் மனைவிக்கு இதயம் பலவீனம். மூச்சு முட்டினால் அரை மணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவமனையோ மேட்டின் உச்சியில்.

"ஏங்க, இந்த வண்டி என்னைவிட அதிகமா மூச்சு வாங்குது. முதல்ல இதை அட்மிட் பண்ணுங்க."

"அடுத்த வாரம் பாக்குறேன்டி."

"உங்க அடுத்த வாரத்துக்கு மீசையே முளைச்சிருச்சு." என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்க தம்பிக்கு நான் பொண்டாட்டியா வந்திருக்கக் கூடாது, கஸ்டமரா வந்திருக்கணும்."

ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு முட்டியது. பின்சீட்டில் என் மடியில் அவள் தலை. சமதளத்தில் கார் பறந்தது. மேட்டில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்களும் ஊர வேண்டியதாயிற்று. முதல் கியரில் எஞ்சின் இழுக்காமல் திணறி அணைந்தது. கிளப்பினான், அணைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. பின்னால் ஹாரன்கள்.

"அதை விட்டுத் தொலைடா, வேற வண்டியை நிறுத்து!" என்று கத்தினேன்.

ஒரு வேனுக்குக் குறுக்கே போய் நின்றான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. மருத்துவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி பெல்ட் மூடியைக் கழற்றினான். எஞ்சினில் அது ஓடும் பல்சக்கரத்தின் குறியிலிருந்து பெல்ட் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தது. அந்த ஒரு பல்லால் வால்வுகள் தாமதமாகத் திறந்து மூடும். வேகத்தில் அது தெரியாது. மெதுவாகப் போகும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

துக்கம் கேட்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரரிடம், "பாவம், தேடாத இடமில்லை. கடைசிவரைக்கும் அவனுக்குப் பிடிபடவே இல்லை" என்றேன்.

சுவரில் சாய்ந்திருந்த தம்பி நிமிரவில்லை.

"இல்லக்கா. போன மாசமே கம்ப்ரெஷன், அதான் சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தம், பாத்தேன். ஒரு சிலிண்டர் மட்டும் குறைஞ்சா தேய்மானம். நாலும் ஒரே அளவு குறைஞ்சிருந்துச்சு. அப்பவே டைமிங்னு தெரியும். மூடியைக் கழட்டி மாட்ட அரை நாள் ஆகும்னு விட்டுட்டேன்."