சொத்தையில்லாத பல்

அறுபதுகளின் தொடக்கம். பல் மருத்துவம் கடைசி வருஷத் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் கீரமங்கலத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். படிப்பு முடியப்போகிற சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். எங்கள் பக்கம் பல்வலி என்றால் கிராம்பு வைப்பார்கள். மீறினால் சந்தையில் குறடோடு உட்கார்ந்திருப்பவரிடம் போவார்கள். என்னை யார் தேடி வருவார்கள்? பல் பிடுங்கவா மெட்ராஸ் போனாய் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யும்போதெல்லாம் சிரித்து மழுப்புவேன்.

ஒருநாள் காலை, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவர். "இந்தப் பல்லுதான் தம்பி, மூணு நாளாத் தூங்கல. எடுத்து விட்ருங்க" என்று மேல் கடைவாயைக் காட்டினார். வெற்றிலைக் கறையில் அந்தப் பல் கன்னங்கரேலென்று இருந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மேலே வலித்தாலும் கோளாறு கீழ்ப்பல்லில் இருக்கலாம், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். கூட்டம் பார்க்கிற மிதப்பில் நான் தட்டவே இல்லை. கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த ஊசியைப் போட்டு, மரத்ததும் பல்லை எடுத்துவிட்டேன்.

"வலியே தெரியலங்க!" என்றார் அக்கா. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அத்தனை பூரிப்பு!

எல்லோரும் போனபின் பல்லைக் கழுவிச் சுரண்டிப் பார்த்தேன். துளி சொத்தை இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரமரப்பு விட்டதும் வலி திரும்பிவிடும். பல் எடுத்த இடத்து வலி என்று சமாளித்துவிடலாம்தான். உண்மையைச் சொன்னால் ஊரில் என் தொழில் தொடங்குமுன்பே முடிந்தது. மத்தியானம்வரை தவித்துவிட்டு, ஊசியையும் குறடையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நல்ல பல்லை எடுத்துட்டேன். தப்பு என் மேலதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை முறைத்தார். நல்ல கோபம். நியாயமான கோபம்தானே! "ஒங்களுக்கு அழுகை வந்தா எனக்கு வலி போயிருமா தம்பி? இந்தத் தடவையாச்சும் ஒழுங்காப் பாருங்க" என்று சொல்லி, வாயைத் திறந்தார்.

ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன். கீழே ஒன்றைத் தொட்டதும் துள்ளிவிட்டார். அதை எடுத்து முடித்தபோது என் சட்டை முழுக்க வியர்வை.

பிறகு எத்தனையோ வருஷம் இதே தொழில். என்னிடம் யார் வருவார்கள் என்று அதற்கப்புறம் நான் பயந்ததில்லை. வருகிறவர் வாயைத் திறக்கிற அந்த நொடியில்தான் இன்றைக்கும் எனக்குப் பயம்.