நோபும்லாவின் நூற்று நாலு கிலோ

தென்னாப்பிரிக்காவில் எங்கள் கயெலிட்ஷாவில் நோபும்லாவின் உடம்பு எடை அவருடைய சொந்த விஷயமாக இருந்ததே இல்லை. 2003இல் அவர் முப்பத்தெட்டு கிலோவாகப் படுக்கையில் கிடந்தபோது, தெருவில் யார் செத்தாலும் சமைத்துப் போடும் சாவுச் சங்கத்துப் பெண்கள் தங்கள் மூன்றுகால் இரும்புப் பானைகளை முன்கூட்டியே கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கிவிட்டார்கள். அடக்கத்துக்கு ஆடு போதுமா, பெரிய மனுஷர்களுக்கு அடிப்பதுபோல் மாடு வேண்டுமா என்று ஜன்னலுக்கு வெளியே சண்டை வேறு. ஆடே போதும் என்று முடிவானது உள்ளே படுத்திருந்தவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"அந்த ஆத்திரத்துலதான் பொழைச்சேன்" என்பார் நோபும்லா. பிழைக்க வைத்தது கிளினிக்கில் கிடைத்த எச்.ஐ.வி. மாத்திரை. ஆத்திரமும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. ஒரு வேளை சாப்பாடும் தவறியதில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் க்வின்யா என்கிற மாவுருண்டையை எண்ணெயில் பொரித்து விற்பது தொழில். வாடிக்கையாளருக்கு இரண்டு போட்டால் தனக்கு ஒன்று. பதினேழு வருடத்தில் நூற்று நாலு கிலோ ஆனார். அந்தப் பழைய நாட்களைப் பார்த்த எங்கள் ஜனங்களுக்கு "இளைச்சுட்டா" என்ற ஒரு சொல் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். ஆகவே அந்த நூற்று நாலு கிலோதான் அவருடைய நற்சான்றிதழ். மாத்திரை வாங்கும் இருபத்தெட்டு பேர் கொண்ட குழுவுக்கு அவரே தலைவி. "என் ரத்தத்துல கிருமியத் தேடுனா ஆப்டலையாம்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஆரம்பிப்பார்.

கொரோனா வந்ததும் கூட்டம் நின்றது. தலைவி நிற்கவில்லை. எல்லோருக்கும் போனில் குரல் செய்தி அனுப்பினார்.

"நோய்னா சதையத் திங்கும். நமக்குத் தெரியாததா? அதனால கையிருப்பு வேணும். காலையில ரெண்டு க்வின்யா, சாயங்காலம் ரெண்டு. சாக்கும்ஸி, உனக்குத்தான் சொல்றேன், நீ மூணு தின்னு."

சாக்கும்ஸி டாக்ஸி ஸ்டாண்டில் விசிலடித்து வண்டிகளை வரிசைப்படுத்துகிறவன். நாற்பது வயது, கொடிக்கம்பம் மாதிரி உடம்பு. நோபும்லாவைத் தைரியமாகக் கிண்டல் செய்கிற ஒரே ஆள்.

முதல் அலை ஓய்ந்த ஆகஸ்டில், நர்ஸ் பதிஸ்வா மாத்திரைப் பையோடு கடைக்கே வந்தார். வந்தவர் சும்மா போகாமல் நோபும்லாவின் விரலில் ஊசியால் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் ஒரு சொட்டு வைத்தார். எங்கள் ஊர் மெஷின் கணக்கில் ஏழெட்டில் நிற்க வேண்டியது பதினேழு காட்டியது.

"மெஷின் கெட்டுப்போச்சு, சிஸ்டர்."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த விரல்ல மாவு ஒட்டியிருக்கும். இப்பத்தான் பிசைஞ்சேன்."

பதிஸ்வா சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு விரலில் குத்தினார். பதினேழு. பிறகு பிரஷர் பார்த்தார். அதுவும் தலைவியின் எடைக்குக் குறையாமல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, உங்க எச்.ஐ.வி. தூங்குது. நீங்கதான் ஒழுங்கா மாத்திரை போட்டுத் தூங்க வச்சிருக்கீங்க. முழிச்சுக்கிட்டு இருக்கிறது சர்க்கரையும் பிரஷரும் இந்த எடையும். வயசும் அம்பத்தஞ்சு. கொரோனா வார்டுல மூச்சுக்குத் தவிச்ச நம்மாளுங்கள்ல பாதிப்பேரு இப்படி எல்லாத்தையும் சேத்து வச்சிருந்தவங்கதான்."

"எனக்குச் சர்க்கரையா? எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு கணக்கா என்ன?"

"இளைச்சா தெருவுல பானையோட வந்துருவாங்க சிஸ்டர்."

"இளைக்கலைன்னா நிஜமாவே வந்துருவாங்க."

எண்ணெய்ச் சட்டியில் நான்கு உருண்டைகள் கருகின. நோபும்லா திருப்பவில்லை. இருபத்தெட்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு.

கடைசியில், "அப்ப சாக்கும்ஸி ஒருத்தன்தான் தப்பிச்சானா?" என்றார். அடுத்தவர் விஷயம் பேசாத பதிஸ்வா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அதை அவர்கிட்டயே கேளுங்க" என்று போய்விட்டார்.

கேட்டார். சாக்கும்ஸி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு முறை இருமினான்.

"கிளினிக் போனா கொரோனா ஒட்டிக்கும்னு ஏப்ரல்லேர்ந்து போகலைக்கா."

"மாத்திரை?"

"அதுவும் ஏப்ரல்லேர்ந்துதான்."

"அடப்பாவி. எனக்காவது ஜன்னல்தான் திறந்து கிடக்கு. நீ வாசக்கதவையே கழட்டி வச்சுட்டுத் தூங்குறியே."

அன்றே சட்டைக் காலரைப் பிடித்து அவனைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனார். எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சளியில் காசநோயும் இருந்தது. கொரோனா வந்திருந்தால் இவனும் அந்த வார்டில்தான் படுத்திருப்பான். எச்.ஐ.வி.க்கும் காசநோய்க்கும் மருந்து ஆரம்பித்தார்கள்.

பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தினமும் காலையில் நோபும்லா இரண்டு கிலோமீட்டர் நடந்து அவன் வாசலுக்கு வர வேண்டும். அவன் அவர் கண்ணெதிரே மாத்திரை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பதிலுக்கு அவர் ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் டீயை அவன் தன் கோப்பையில் ஊற்றி ருசி பார்ப்பான்.

"இதுல ஒரு ஸ்பூன் சர்க்கரை இருக்கு."

"அரை."

"ஒண்ணு. விசிலடிச்சே வளர்ந்த நாக்கு இது, பொய் சொல்லாது."

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் அடுத்த குரல் செய்திதான். மூன்று முறை பதிவு செய்து மூன்று முறை அழித்தார். நாலாவது முறை அனுப்பினார். "நான் சொன்னது தப்பு. நாலு க்வின்யா வேணாம். எல்லாரும் சர்க்கரையும் பிரஷரும் பாருங்க. எனக்குப் பதினேழு." தலைவி தப்பு என்று சொன்னது அதுவே முதல் முறை என்பதால், இருபத்தெட்டு பேரும் இரண்டிரண்டு தடவை கேட்டார்கள்.

டிசம்பரில் இரண்டாவது அலை வந்தது. நோபும்லாவை விடவில்லை. அப்போது அவர் தொண்ணூற்றொரு கிலோ, சர்க்கரை எட்டு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். தொண்டையில் குழாய் போடும் அளவுக்குப் போகவில்லை. "ஆகஸ்டுல இருந்த மாதிரியே வந்திருந்தா நான் இவ்வளவு நிம்மதியா பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

ஜனவரியில் வீட்டுக்கு வந்தபோது எண்பத்தாறு கிலோ. கழுத்தெலும்பு பதினேழு வருடம் கழித்து வெளியே தலைகாட்டியது. தெரு பார்த்தது, பேசியது. சனிக்கிழமை வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. முகக்கவசம் கட்டிய நான்கு பெண்கள் மூன்றுகால் பானைகளோடு நின்றார்கள்.

நோபும்லா கதவைத் திறந்ததும் சங்கத் தலைவி நொமாலிஸோ பின்வாங்கினார்.

"நீ எழுந்து நடக்குறேன்னு யாரும் சொல்லலையேம்மா."

"என்ன முடிவு பண்ணீங்க? ஆடா?"

நொமாலிஸோ தரையைப் பார்த்தார். "இந்தத் தடவை மாடு."

நோபும்லாவின் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. பிறகு, சமையலறையிலிருந்து ஒரு முட்டைக்கோசை எடுத்துவந்து நொமாலிஸோ கையில் கொடுத்தார்.

"பானைதான் வந்திருச்சே. வேக வைங்க, எல்லாரும் சாப்பிட்டுப் போகலாம். எண்ணெய் கம்மியா ஊத்துங்க."

வேலியோரம் நின்றிருந்த சாக்கும்ஸி நோபும்லாவின் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சர்க்கரை இல்லை.