ருசி பார்க்காத சாம்பார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்த சமயம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் சமையலுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. அடுப்படியில் கற்றதும், ஜனங்கள் பேசக் கேட்டுக் கற்றதும்தான் என் படிப்பு. அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது.

ஒருநாள் வடை போட்டுவிட்டு வந்து சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பார்த்தேன், இடது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம். எண்ணெய் தெறித்திருக்க வேண்டும். தெறித்தது எனக்குத் தெரியவே இல்லை. தெரியாமல் போனதுதான் பெரிய விஷயம் என்று அன்றைக்குப் புரியவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பதினைந்து நாளில் கொப்புளம் புண்ணாகி, விரல் கறுக்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பல வருடமாக நான் சாப்பிட்டு வந்த சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "ஒரு மாசம் பாக்கலாம்மா. சர்க்கரை இறங்கினாத்தான் புண்ணு ஆறும். இல்லேன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்றார். ஏதோ தையல் பிரிக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். பெருவிரல் போனால் நிற்பது எப்படி, அண்டா பக்கத்தில் நின்று கிளறுவது எப்படி?

அன்றிலிருந்து சாப்பாட்டில் கறாராக இருந்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோற்றுக்கு மூன்று கரண்டி கீரை, ராத்திரி ஒரே ஒரு தோசை. காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். காலை ஊன்றக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளையும் முழங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சிகளையும் விடாமல் செய்தேன். வேலைக்குப் போனாலும் அடுப்பிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அதைப் போடு, இதைக் குறை" என்று சொல்வதோடு சரி. பத்து நாள் கழித்துப் பரிசோதித்தார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை.

புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவர். "அம்மா, நீங்க பொய் சொல்றீங்க" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சத்தியமா இல்லம்மா. என் வீட்டுல வந்து பாருங்க."

அவர் கட்டு சுற்றுவதை நிறுத்திவிட்டு, "ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். "அங்க ருசி பாக்குறது யாரு?"

"நாந்தான். வேற யாரு பாப்பா?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அடுத்த விசேஷத்துக்கு ஒரு தூக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்க வாயில எவ்வளவு போடுறீங்களோ, அதே அளவு தூக்குலயும் போடுங்க. அதை அப்படியே என்கிட்டக் கொண்டாங்க."

கோபமாகத்தான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதே அந்தத் தூக்கு மனதில் ஆடத் தொடங்கிவிட்டது. நிஜமாகவே எவ்வளவுதான் இருக்கும்? ஒரு வாய்? இரண்டு வாய்? எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்த வாரம் ஒரு வளைகாப்பு. என்னோடு இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவள் ஒருத்தி உண்டு. என்னைவிட நான்கு வயது சின்னவள். அவள்தான் கரண்டியோடு என் நாற்காலிக்கு வருவாள். நான் உள்ளங்கையை நீட்டுவேன். அவள் ஊற்றுவாள். நக்கிப் பார்த்து, உப்பு, உறைப்பு சொல்வேன். அன்றைக்கு ஒவ்வொரு தடவையும், "அதே அளவு இதுலயும் ஊத்து" என்று தூக்கைக் காட்டினேன்.

"என்னக்கா இது? தூக்குக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கே?"

"பேசாம ஊத்துடி."

"பாத்துக்கா, விக்கப் போவுது. தலையில தட்டு."

சாம்பாருக்கு மூன்று தடவை, ரசத்துக்கு இரண்டு தடவை, பாயசத்துக்கு எத்தனை தடவை என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் பக்கத்து அசோகா இல்லாமல் விசேஷம் கிடையாது. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுகிற அல்வா. அது இறங்குவதற்குள் நான்கு தடவை பதம் பார்த்திருக்கிறேன். நடுவில் வடையில் ஒரு கிள்ளு, உதிர்ந்த பூந்தி ஒரு பிடி, வறுத்த முந்திரி நாலைந்து. முதல் பந்தி உட்காருவதற்குள் தூக்கு நிரம்பி, மூடி மூட முடியவில்லை.

மறுநாள் நர்ஸிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ஆள் சாப்பாடு இல்லம்மா, ரெண்டு ஆள் சாப்பாடு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதுல எதை ருசிச்சுச் சாப்பிட்டீங்க? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பாயசம் சரியாக இருந்தது என்பது ஞாபகம் இருந்தது. அது எப்படி இனித்தது என்பது ஞாபகம் இல்லை. இவ்வளவும் என் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை!

சரி, ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? ஆவணியில் ஐந்து கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். ஒரு வாய் போட்டதும் சட்டென்று தோன்றியது. சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் மடப்பள்ளியில் யாரும் ருசி பார்ப்பதில்லையே! நாற்பது வருடமாக இந்தப் புளியோதரையைச் சாப்பிடுகிறேன், ஒருநாள்கூட உப்பு கூடியதில்லை. இது எப்படி என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

மடப்பள்ளியில் சமைக்கிறவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வாசலில் காத்திருந்து கேட்டேன். "சாமி, வாயில வைக்காம எப்படி உப்பு தெரியுது உங்களுக்கு? வாசனையிலயா?"

"மோந்தும் பாக்கப்படாதும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்று சிரித்தார். "தெரியாதுன்னு நெனச்சுண்டுதான் போடணும். எனக்குத் தெரியும்னு நெனச்ச அன்னிக்குத்தான் கரிக்கும்."

பிறகு நான் விடாமல் குடைந்து குடைந்து கேட்டதில் ஒவ்வொன்றாகச் சொன்னார். உப்புக்கு ஒரே ஒரு பித்தளைக் கிண்ணம். அதைத் தவிர வேறு எதிலும் அளப்பதில்லை. தலை தட்டி, விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவார். பொங்குகிற நுரையைக் கண் பார்த்துக்கொள்ளும், கொதிக்கிற சத்தத்தைக் காது கேட்டுக்கொள்ளும். உப்பு போடுகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாராம். "அந்த நிமிஷம் வேற எதுவும் கெடையாது. போட்டாச்சா, போட்டாச்சு. ரெண்டாவது எண்ணமே இல்லை" என்றார்.

அதைக் கேட்டபோது என் அடுப்படி என் கண்முன்னே வந்து நின்றது. நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் உப்புமாகத்தான் நிற்பேன். போட்டேனா இல்லையா என்று சந்தேகம். சந்தேகம் வந்தால் நாக்கு. நாக்கில் வைத்துவிட்டு இன்னொரு போன்.

முதல் முகூர்த்தம் வந்தது. முந்நூறு பேர் சாப்பாடு. சாம்பார் சரியில்லை என்று ஒரு பந்தியில் பேச்சு வந்தால் போதும், அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். போனைப் பைக்குள் போட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. இத்தனை படி பருப்புக்கு இத்தனை கிண்ணம் உப்பு. கை பழகியதும் அதை விட்டுவிட்டிருந்தேன். அன்றைக்கு அதையே பிடித்துக்கொண்டு, உப்புக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துபோய், ஒரு கிண்ணத்தால் அளந்து, தலை தட்டிப் போட்டேன். போடும்போது யாரிடமும் பேசவில்லை.

சாம்பார் தளபுளவென்று கொதித்தது. வழக்கம் போல அவள் கரண்டியோடு வந்தாள். என் உள்ளங்கை தானாக நீண்டது. நானே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ ஒருத்தரின் கை போல. விரல்களை மடக்கிக்கொண்டு, "நீயே பாருடி" என்றேன்.

"நானா?" என்று அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவளை ருசி பார்க்கச் சொன்னதில்லை. என் நாக்கு மட்டும்தான் நாக்கு என்று இருந்துவிட்டேன்.

அவள் ஒரு சொட்டு கையில் விட்டுப் பார்த்தாள். இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு? சொல்லித் தொலையேன்டி."

"சரியா இருக்குக்கா. ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் எடுத்ததுமே சரியா இருக்கு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசமா? என்னடி சொல்றே?"

மழுப்பப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில், கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு உப்பு சரியா தெரியறதில்லக்கா. நல்லா இருக்கும்போதே பத்தலன்னு இன்னும் ஒரு பிடி போடச் சொல்லுவே. நீ அந்தப் பக்கம் திரும்புனதும் நான் பருப்புத் தண்ணி ஊத்திச் சரி பண்ணிருவேன். ரசத்துக்கு வெந்நீர்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்குவியா?"

அன்றைக்கும் பந்திக்குப் பந்தி ஜனங்கள், "உங்க கைப்பக்குவம்" என்று என்னைத்தான் புகழ்ந்தார்கள். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கைகள் யாருடையவை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும். உப்பு தெரியாத நாக்கை நம்பி, விரலைப் பறிகொடுக்கிற அளவுக்குச் சர்க்கரையை உள்ளே தள்ளியிருக்கிறேனே!

நர்ஸிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வயது ஏறும்போது நாக்கு கொஞ்சம் மங்கலாம், சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் மங்கலாம் என்றார். கொப்புளம் வந்தது சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குத் தெரியாமல் போன மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முழுக்க அவள்தான் ருசி பார்த்தாள். இனிப்புக்கு மட்டும் இன்னொருத்தி. கடைசிப் பந்தி முடிந்ததும் நானும் எல்லோரையும் போல இலை போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சாப்பிடுவேன். மெதுவாக, போனைத் தொடாமல். என் சமையலை நானே முதல் தடவையாகச் சாப்பிடுவது போல இருந்தது. மாதம் முடிவதற்குள் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. புண் ஆறப் பொங்கல் வரை ஆனது. விரல் இருக்கிறது. நகம் மட்டும் கோணலாக முளைத்திருக்கிறது.

இப்போது அவளும் நானும் சாயங்காலத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் நடக்கிறோம். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டேன், "இன்னும் என்னடி என்கிட்ட மறைச்சு வெச்சிருக்கே?"

அவள் தயங்கவே இல்லை. "நடக்கும்போது இடது பக்கமா சாயுறேக்கா. நெடுநாளா."

நான் நம்பவில்லை. ஈர மணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இடது கால் தடம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கும் நர்ஸிடம் கேட்டு, தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறேன். பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வயதாகும்போது நம்மிடம் எது முதலில் குறைகிறது என்று நமக்கே தெரிவதில்லை என்பதும், தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தும் நாம் தாங்க மாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்பதும் அந்த ஆவணியில்தான் எனக்குப் புரிந்தது. அதனால் மாத்திரையை மறந்தாலும் மறப்பேன், அவளிடம் கேட்பதை மட்டும் மறப்பதில்லை.